பீரோவில் இருந்த இரண்டாம் பாகம்

அந்தப் பையை மேல வெச்சிராதம்மா. என் மடியிலயே இருக்கட்டும், குடு. உள்ள கத்தி இருக்கு.

பயந்துட்டியா? வெள்ளரிக்காய் நறுக்குற கத்திதான். டிபன் பாக்ஸோட எப்பவும் வெச்சிருப்பேன். இன்னைக்கு வேற ஒரு வேலைக்காகக் கொண்டுபோறேன். யாரையும் குத்த மாட்டேன். குத்தணும்னு தோணாம இல்ல. ஆனா நான் அரசாங்க உத்தியோகத்துல இருக்கிறவ. நூலகர்.

நீ வேம்பக்குடிதானே? நானும் அங்கதான். கண்டக்டர்கிட்ட டிக்கெட் கேட்டப்பவே எனக்கு நாக்கு கூசுச்சு. அந்த ஊர் பேரையே வாயில எடுக்கக் கூடாதுன்னு இருந்தவ நான். அங்க நூலகத்துல இன்னைக்குச் சாயங்காலம் விழா. வருஷா வருஷம் நூலக வாரத்துல சிறந்த வாசகர்னு ஒருத்தரைப் பிடிச்சு மேடையில ஏத்திப் பொன்னாடை போத்துவாங்க. இந்த வருஷம் யாருன்னு கேளு. கேளும்மா. எங்க வீட்டுக்காரரு.

சந்தோஷம்னு சொல்லாத. உனக்கு விவரம் புரியல. நான் வேம்பக்குடி நூலகர் இல்ல, நல்லமங்கலம் கிளை நூலகர். வீடும் நல்லமங்கலம்தான். என் நூலகத்துக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரு மாவு மில்லும் ஒரு பிள்ளையார் கோயிலும்தான் இருக்கு. அப்படி இருக்கிறப்போ நூலகரோட புருஷன் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போறாரு. அங்க உறுப்பினரா சேருறாரு. அங்க புத்தகம் எடுத்துப் படிக்கிறாரு. அங்க பரிசும் வாங்குறாரு. ஓட்டல்காரன் பொண்டாட்டி தினம் எதிர்த்த ஓட்டல்ல போய் உக்காந்து சாப்பிட்டா ஊர் என்ன பேசும்? சொல்லு, என்ன பேசும்?

அதுவும் யார்கிட்ட? அமலதாஸ்கிட்ட. வேம்பக்குடி நூலகரு. நீ அந்த நூலகத்துக்குப் போயிருக்கியா? அது நூலகமா, சந்தைக்கடையா? பெஞ்சுல டீ கிளாஸ் இருக்கும். பக்கத்துலயே வடை சுத்துன காகிதம் இருக்கும். புத்தகத்தை எடுத்துப் பாரு, மூலை எல்லாம் நாய்க் காது மாதிரி மடிஞ்சிருக்கும். அட்டையில செல்லோடேப் ஒட்டி, அதுக்கு மேல இன்னொரு செல்லோடேப். சின்னப் பிள்ளைங்க தரையில படுத்துக்கிட்டுப் படம் பாக்குதுங்க. இந்த ஆளு நடுவுல உக்காந்து சிரிச்சிக்கிட்டே இருக்காரு. இவருக்குத்தான் போன வருஷம் கலெக்டர் கையால நல்ல நூலகர் விருது.

என் நூலகத்துக்கு வந்து பாரு. தரையில முகம் பாக்கலாம். முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு புத்தகம் தொலைஞ்சதில்ல. ஒரு பக்கம் கிழிஞ்சதில்ல. தணிக்கைக்கு வந்த ஆபீசர் அலமாரியைத் திறந்து பாத்துட்டு, "என்னம்மா, எல்லாம் நேத்து வாங்குன மாதிரி இருக்கு"ன்னாரு. அதைவிடப் பாராட்டு வேற என்ன வேணும்? அவர் கூடவே, "ஆள் வர்றாங்களா?"ன்னும் கேட்டாரு. வர்றாங்கன்னேன். வரத்தானே செய்யிறாங்க. காலையில பேப்பர் படிக்க வருவாங்க. மத்தியானம் ஃபேனுக்கு வருவாங்க. போனுக்குச் சார்ஜ் போட வருவாங்க, அவங்களைத் துரத்துறதுக்கே எனக்கு நேரம் சரியா இருக்கும்.

நீ நினைக்கிற மாதிரி இது உக்காந்து சாப்பிடுற வேலை இல்ல. ஒருத்தன் பிளேடு கொண்டுவந்து கல்யாண விளம்பரத்தை வெட்டிட்டுப் போவான். ஒரு நாள் ஆடு உள்ள வந்து வாரப்பத்திரிகையைப் பாதி தின்னுட்டுப் போச்சு. அதுக்கு மேலிடத்துக்கு நான் விளக்கம் எழுத வேண்டியதாப் போச்சு. ரிட்டையர்டு தாசில்தார் ஒருத்தரு, பேப்பர்ல குறுக்கெழுத்துப் போட்டியைப் பேனாவால நிரப்பிருவாரு. பொதுச் சொத்தும்மா அது! சொல்லிச் சொல்லிப் பாத்தேன், கேக்கல. அப்புறம் நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். காலையில பேப்பர் வந்ததும் முதல்ல நானே குறுக்கெழுத்தை முழுக்கப் போட்டு முடிச்சிருவேன். இனிமே எவன் கிறுக்குவான்? தாசில்தாரு வர்றதையே நிறுத்திட்டாரு.

என்ன சிரிப்பு? சரி, சிரி.

நல்ல புத்தகமெல்லாம் கண்ணாடி பீரோவுல இருக்கு. பூட்டித்தான் வெச்சிருக்கேன். பின்ன? நம்ம சனங்க கையில குடுத்தா என்ன ஆகும்? எச்சில் தொட்டுப் புரட்டுவாங்க. வேப்பிலை போட்டு, அந்துருண்டை போட்டு, பிள்ளையைப் பாக்குற மாதிரி பாத்திருக்கேன். சாவி இதோ, என் இடுப்புல. தூங்கறப்பவும் இருக்கும்.

இப்போ எங்க வீட்டுக்காரர் கதைக்கு வர்றேன். குருசாமின்னு பேரு. கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவரு. வேலையில இருந்தப்போ பேப்பரைத் தவிர எதையும் தொட்டதில்ல. ரிட்டையர் ஆனதும் திடீர்னு, "எனக்கு ஏதாவது கதைப் புத்தகம் கொண்டா"ன்னாரு. கொண்டுவந்தேன். நானே பாத்துப் பாத்து எடுத்துட்டு வந்தேன். சர்க்கரை நோய்க்கு என்ன சாப்பிடணும்னு ஒரு புத்தகம். மன அமைதின்னு ஒண்ணு. பிரவுன் காகிதத்துல அட்டை போட்டுக் குடுத்தேன். கையைக் கழுவிட்டுத் தொடுங்கன்னு சொன்னேன். படுத்துக்கிட்டுப் படிக்காதீங்க, முதுகு உடையும்னு சொன்னேன். புத்தகத்தோட முதுகுதான். இதுல என்ன தப்பு?

இன்னொண்ணு. அந்த மனுஷன் வாயை அசைச்சுத்தான் படிப்பாரு. முணுமுணுமுணுன்னு, அடுப்புல பருப்பு கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். எனக்குத் தலை வலிக்கும். "மனசுக்குள்ள படிங்க, இது நூலகர் வீடு"ன்னு சொல்லிச் சொல்லி நிறுத்துனேன். அப்புறம் சத்தமே இல்ல. படிக்கிறதும் இல்ல. ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு.

சாயங்காலம் நான் நூலகத்துல இருக்கிறப்போ ஃபிளாஸ்க்குல டீ கொண்டுவருவாரு. அது நல்ல பழக்கம்தான், இல்லங்கல. வராண்டாவுல நின்னு ரெண்டு பேரும் குடிப்போம். ஒரு நாள் மழை. மனுஷன் ஃபிளாஸ்க்கோட உள்ள வந்துட்டாரு. வந்து பீரோ பக்கத்துல நிக்கிறாரு. எல்லாரும் பாக்குறாங்க. "வெளிய போங்க, எல்லாருக்கும் சட்டம் ஒண்ணுதான்"னு சத்தம் போட்டேன். போடாம? நாளைக்கு இன்னொருத்தன் சாம்பார் வாளியோட வருவான். அப்படியே மழையில இறங்கிப் போயிட்டாரு. மறுநாள்ல இருந்து டீயும் இல்ல, ஆளும் இல்ல. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு, வாக்கிங் போறேன்னாரு. நானும் நம்புனேன். சர்க்கரை குறையட்டும்னு பேசாம இருந்தேன்.

அந்த மழை நாள்ல பீரோவுல எதைப் பாத்துக்கிட்டு நின்னாருன்னு உனக்குத் தெரியணும். 'தோணித்துறை மர்மம்'னு ஒரு பழைய துப்பறியும் கதை. ரெண்டு பாகம். என்கிட்ட ரெண்டாம் பாகம் மட்டும்தான் இருக்கு. ஒரு வக்கீல் செத்ததும் அவங்க வீட்டுல நன்கொடையாக் குடுத்தது. இப்போ எங்கயும் அச்சுல இல்ல. அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுல கேட்டாரு, "அந்தத் தோணித்துறையை ஒரு நாள் குடேன், பாத்துட்டுத் தர்றேன்". நான் என்ன சொன்னேன்? "முதல் பாகம் படிக்காதவங்களுக்கு ரெண்டாம் பாகம் எதுக்கு? ஒண்ணும் புரியாது"ன்னேன். நியாயமாத்தானே சொன்னேன்? மோர் ஊத்திக்கிட்டு எந்திரிச்சுப் போனாரு. விஷயம் அதோட முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

முடியல. மனுஷன் முதல் பாகத்தைத் தேடிப் புறப்பட்டிருக்காரு. வாக்கிங்னு சொல்லிட்டு நேரா பஸ் ஸ்டாண்டு. பஸ் ஏறி நேரா வேம்பக்குடி. அங்க இருந்திருக்கு முதல் பாகம், செல்லோடேப் ஒட்டிக்கிட்டு. அமலதாஸ் கையில தூக்கிக் குடுத்திருக்காரு, டீயும் வாங்கிக் குடுத்திருக்காரு. அதுல இருந்து தினம் அங்கதான். பெஞ்சுல படுத்துக்கிட்டே படிப்பாராம். வாய்விட்டுப் படிப்பாராம்! பக்கத்துல உக்காந்து கேக்குறதுக்கு ஒரு கூட்டமே சேருமாம், கண்ணு தெரியாத ஒரு பெரியவரு, பூக்கட்டுற ரெண்டு பொம்பளைங்க. தோணித்துறை விஷயம் எனக்கு நேத்துத்தான் தெரிஞ்சுது. மத்ததெல்லாம் எப்படித் தெரியும்? மாவட்ட நூலகத்துல மாசாந்திரக் கூட்டம். எல்லா நூலகர்களும் உக்காந்திருக்கோம். அமலதாஸ் எந்திரிச்சு, "இந்த வருஷம் எங்க சிறந்த வாசகர் குருசாமி சாரு. நம்ம மேடத்தோட வீட்டுக்காரருதான். மேடத்துக்குத்தான் நான் நன்றி சொல்லணும்"னாரு. மண்டபமே கைதட்டுது. பின்னால ஒருத்தி கேக்குறா, "ஏன் மேடம், உங்க நூலகத்துல புத்தகம் இல்லையா?"

அப்படியே பூமி பிளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு. என்னா சிரிப்பு அவளுக்கு!

வீட்டுக்கு வந்தேன். செருப்பைக்கூடக் கழட்டல. "எடுங்க அந்த உறுப்பினர் அட்டையை"ன்னேன். சட்டைப் பையில இருந்து எடுத்துக் குடுத்தாரு, ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. அந்தப் பேசாம இருக்கிறதுதான் எனக்கு ஆகாது. நேரா நூலகத்துக்குப் போனேன், பீரோவைத் திறந்து அட்டையை உள்ள போட்டுப் பூட்டுனேன். திரும்பிப் பாத்தா பின்னாலயே வந்து வாசல்ல நிக்கிறாரு. "என்னையும் உள்ள வெச்சுப் பூட்டிரேன்"னாரு. கோவமாக்கூடச் சொல்லல. அப்படியே திரும்பிப் போயிட்டாரு.

மறுநாள் காலையில நாலு சட்டையைப் பையில போட்டுக்கிட்டு வேம்பக்குடியில தம்பி வீட்டுக்குப் போனவருதான். போன் பண்ணா எடுக்குறதில்ல. எடுத்தாலும் "ம்", "சரி", அவ்வளவுதான். நான் இங்க தனியா இட்லி ஊத்தி, தனியா சட்னி அரைச்சு, யாருக்கு வெக்கிறது? எனக்கு என்ன, நிம்மதியாத்தான் இருக்கேன். சத்தமே இல்ல வீட்டுல. அந்தச் சத்தமில்லாததுதான் தூங்க விட மாட்டேங்குது, வேற ஒண்ணும் இல்ல.

சரி, பெத்த பொண்ணாவது என் பக்கம் பேசுவாளா? சென்னையில இருக்கா, மங்கைன்னு பேரு. போன்ல சொல்லி அழுதேன். அவ என்ன சொல்றா தெரியுமா? "அம்மா, சின்ன வயசுல எனக்கே நீ பீரோவைத் திறந்ததில்ல. நான் எல்லாத்தையும் ஸ்கூல்லதான் வாங்கிப் படிச்சேன். அப்பாவை விடும்மா." கொழுப்பப் பாத்தியா? அவ கையில எப்பவும் மிட்டாய் பிசுபிசுப்பு, எப்படிக் குடுப்பேன்? கோவத்துல போனை வெச்சிட்டேன்.

இனிமேதான் கேளு. அந்தக் கூட்டத்துக்கு முன்னால, இவரு வீட்டுல இருந்தப்பவே, அமலதாஸ் பல தடவை எனக்குப் போன் பண்ணியிருந்தாரு. "மேடம், எங்க வாசகர் ஒருத்தருக்குத் தோணித்துறை ரெண்டாம் பாகம் வேணும். நூலகத்துக்கு நூலகம் குடுத்துக்கிறதுதானே, அனுப்புங்க, நான் பொறுப்பு"ன்னு. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொன்னேன். அரிய நூல், வெளிய குடுக்குறதில்ல. அவரும் விடல. "மேடம், முதல் பாகத்துல கதாநாயகனைக் கிணத்துக்குள்ள தள்ளி மேல பாறாங்கல்லை வெச்சு மூடிட்டாங்க. அதோட பாகம் முடியுது. மனுஷன் தவிக்கிறாரு"ன்னாரு. தவிக்கட்டும்னேன். உங்க ஊர் வாசகர்கிட்ட குடுத்தா மூலையை மடிச்சிருவாருன்னும் சொன்னேன்.

நேத்து சாயங்காலம் திரும்பவும் போன். விழாவுக்கு அழைப்பு. "பொன்னாடையை நீங்க போத்துனா நல்லாருக்கும் மேடம்"னு இழுத்தாரு. அப்புறம் மெதுவா, "இன்னொண்ணு. அந்த ரெண்டாம் பாகம் கேட்டது சாருதான். சொல்ல வேண்டாம்னாரு. வீட்டுல கேட்டா வீட்டுக்காரன் கேட்ட மாதிரி ஆயிரும், நான் வாசகனாக் கேக்கணும்னாரு"ன்னாரு.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! என் வீட்டுல என் சோத்தைத் தின்னுக்கிட்டு, எனக்கு எதிர்ல உக்காந்துக்கிட்டு, அடுத்த ஊர் நூலகர் மூலமா என்கிட்ட புத்தகம் கேக்குறாரு! அவரு கிணத்துல கிடக்குற எவனுக்காகவோ தவிக்கிறாரு, நான் ஒருத்தி தெரியாம இல்லை இல்லைன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். என்னை எவ்வளவு முட்டாளாக்கிட்டாரு பாரு. ஒரு வார்த்தை நேரா கேட்டா என்ன? கேட்டாருதான், நான் ஒத்துக்கிறேன். ஒரு தடவை கேட்டாரு. திரும்பக் கேக்க வேண்டியதுதானே? பொண்டாட்டிகிட்ட என்ன ரோஷம்?

அதனால இன்னைக்குக் காலையில முடிவு பண்ணிட்டேன். புத்தகத்தைக் கொண்டுபோறது. மேடையில, பொன்னாடை போத்துற நேரத்துல, எல்லாரும் பாக்குற மாதிரி அவர் மடியில போட்டு, "இந்தாங்க, படிங்க, இதுக்குத்தானே இவ்வளவும்"னு கேக்குறது. அப்புறம் அவரு தம்பி வீட்டுலயே இருக்கட்டும், பெஞ்சுலயே படுக்கட்டும், எனக்கென்ன.

சீக்கிரமே நூலகத்துக்குப் போய் பீரோவைத் திறந்தேன். எந்தப் புத்தகத்தையும் வெளிய குடுக்கும் முன்னால பக்கமெல்லாம் சரியா இருக்கான்னு பாக்கணும், அது எங்க வேலையில முதல் பாடம். புரட்டுறேன். புரள மாட்டேங்குது. என்னடான்னு பாத்தா, பக்கமெல்லாம் மேல் ஓரத்துல ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தே கிடக்கு. பழைய காலத்துல பெரிய தாள்ல அச்சடிச்சு, மடிச்சுத் தைச்சு, கடைசியா ஓரத்தை வெட்டுவாங்க. இந்தப் பிரதியை வெட்டாமலே விட்டிருக்காங்க. ஒவ்வொரு மடிப்பையும் கத்தி விட்டு அறுத்தாத்தான் உள்ள படிக்க முடியும். ஒருத்தரும் அறுக்கல. அச்சடிச்ச நாள்ல இருந்து ஒரு மனுஷக் கண்ணு அந்தக் கதை மேல படல.

அந்த வக்கீலை நினைச்சாத்தான் எனக்கு ஆத்திரமா வந்துச்சு. என்ன மனுஷன் அவரு! புத்தகத்தை வாங்கி, ஒரு பக்கம்கூடப் பிரிக்காம, சாகற வரைக்கும் அலமாரியில பூட்டியே வெச்சிருந்திருக்காரு. இப்படியும் இருப்பாங்களா? நானா? வருஷா வருஷம் இருப்புச் சரிபாக்குறப்போ முதல் பக்கத்து முத்திரையையும் நம்பரையும் பாக்குறதோட என் வேலை முடிஞ்சுது. என்னை அதோட சேக்காத.

வெள்ளரிக்காய்க் கத்தியை எடுத்தேன். புத்தகத்து மேல கத்தி வெக்கிறது என் சர்வீஸ்ல முதல் தடவை. எல்லாம் அவரால. ஒரு மடிப்பை மட்டும் அறுத்துப் பாப்போம்னுதான் ஆரம்பிச்சேன். அறுத்தா, கிணத்துக்குள்ள அவன் தண்ணி சொட்டுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். மேல யாரோ நடக்குற மாதிரி இருக்கு. அதுக்குள்ள அந்த மடிப்பு முடிஞ்சிருச்சு. அடுத்ததை அறுக்காம எப்படி இருக்கிறது? அறுக்குறேன், படிக்கிறேன். அறுக்குறேன், படிக்கிறேன். நின்னுக்கிட்டே படிச்சேன், தரையில உக்காந்து படிச்சேன், அப்புறம் பீரோல சாஞ்சு காலை நீட்டிக்கிட்டுப் படிச்சேன். வெளிய கதவைத் தட்டுறாங்க. "மேடம், இன்னைக்குத் திறக்கலையா?"ன்னு பேப்பர் படிக்கிறவங்க கத்துறாங்க. முப்பது வருஷத்துல லேட்டாத் திறந்தது இன்னைக்குத்தான். குறுக்கெழுத்துப் போடக்கூட மறந்துட்டேன். எவனெவன் கிறுக்கப் போறானோ.

கிணத்துல இருந்து வந்தானான்னா? வந்தான். கல்லை நகத்துனது யாருன்னு சொன்னா நீ நம்ப மாட்ட. சொல்ல மாட்டேன். அவருக்கு முன்னால எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அதுல என் மனசு கொஞ்சம் ஆறிச்சு. கொஞ்சம்தான்.

புத்தகத்தைச் சும்மா தூக்கிக் குடுத்துருவேன்னு நினைக்காத. கடன்தான். முறைப்படி தேதி முத்திரை போட்டுத்தான் எடுத்துட்டு வந்திருக்கேன். என் நூலகத்துல அவருக்கு அட்டையே கிடையாதுங்கிறது முத்திரை போடுறப்போதான் தெரிஞ்சுது. ஒரு தடவையாவது கேட்டிருந்தா போட்டுக் குடுத்திருப்பேன், கேக்கலையே! அதையும் காலையிலேயே எழுதிட்டேன். பிணைக் கையெழுத்தும் நானே போட்டுட்டேன். இப்போ புத்தகத்தைத் திருப்பிக் குடுக்க எங்க வரணும்? அமலதாஸ்கிட்ட குடுக்க முடியாது. நல்லமங்கலத்துக்குத்தான் வரணும். வந்துதானே ஆகணும்? தேதி தாண்டுனா அபராதம். புருஷன்னு பாக்க மாட்டேன். என்னம்மா, வருவாருதானே?

நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். தேவாலயம் வந்திருச்சு, அடுத்த ஸ்டாப்புதான். அந்தப் பையைக் கொஞ்சம் பிடி, நான் எந்திரிக்கிறேன். பாத்துப் பிடி.

கத்தி எதுக்குன்னு இப்பவும் முழிக்கிற பாரு. கடைசி மடிப்பை நான் அறுக்கலம்மா. முடிவு அதுக்குள்ளதான் இருக்கு. விரலை விட்டு எட்டிப் பாத்தேன், ஒண்ணும் தெரியல. அறுத்திருக்கலாம். என்னமோ, கை வரல. அதை அவரே அறுக்கட்டும், என் முன்னால உக்காந்து. அறுத்ததும் அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுவேன். எனக்கும் கேக்கணும்ல. அந்தப் பக்கத்துக்கு மட்டும்தான் அனுமதி.